பாவம் உண்டு, பாவி இல்லை

தமிழ்நாட்டில் எந்த வகுப்புப் பாடநூலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் தீண்டாமை எச்சரிக்கை நிற்கும். பாவம் என்று சொல்லும். பெருங்குற்றம் என்று சொல்லும். மனிதத் தன்மை இல்லாதது என்றும் சொல்லும். கணக்குப் புத்தகத்திலும் உண்டு, அறிவியல் புத்தகத்திலும் உண்டு. அப்பா பார்த்த பக்கம், பிள்ளை பார்க்கும் பக்கம். இருவரும் பார்த்துவிட்டுப் புரட்டிய பக்கம்.

அதிலிருந்து இரண்டு மதிப்பெண் கேள்விகூட வராது. அதை நிறுத்தி நடத்தும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. மற்றவர்கள் ஏன் நடத்துவதில்லை என்பது தெரிந்ததுதான். நடத்தினால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டுவிடுவான்: "பாவம்னு புரியுது சார். செஞ்சது யாரு?"

நம் பாடத்திட்டம் பதில் சொல்லாத கேள்வி அது. பாவம் உண்டு, பாவி இல்லை. குற்றம் உண்டு, குற்றவாளி தலைமறைவு. ஐப்பசி மழை போலத் தீண்டாமையும் வானத்திலிருந்து தானாகப் பெய்தது. சிலர் நனைந்துவிட்டார்கள், ஐயோ பாவம். குடை வைத்திருந்தவர் யார், அந்தக் குடை யார் காசில் வந்தது என்பதெல்லாம் சிலபஸில் இல்லை.

வைக்கம் போராட்டம் சிலபஸில் உண்டு. 1924, திருவிதாங்கூர். பிள்ளைகள் தேதியோடு எழுதுவார்கள். அடுத்த மாநிலத்தில், நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அநியாயம் என்றால் நமக்கு வீரம் கரைபுரண்டு வரும். அதே பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உன் ஊரில் ஊர் எங்கே முடிகிறது, காலனி எங்கே தொடங்குகிறது? வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். வரைந்துவிடுவான். அவனுக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"பிஞ்சு மனசுல நஞ்சை விதைக்காதீங்க சார்" என்பார்கள்.

பிஞ்சு மனசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பிஞ்சுகள் கையில் என்ன கட்டியிருந்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம்.

2019 ஜூலை கடைசியில் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பது அந்தக் கயிற்றைப் பார்த்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடி உட்காருவதும் அந்தக் கயிற்றைப் பார்த்து. அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து தடுத்து நிறுத்துங்கள் என்றது சுற்றறிக்கை. ஒரு அரசு அதிகாரி, அரசு வேலையை, அரசுத் தாளில் செய்தார். அபூர்வம்.

அதிக நாள் தாங்கவில்லை. கயிறு இந்துக்களின் நம்பிக்கை என்று பாஜகவின் எச். ராஜா கிளம்பினார். அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமல் போய்விட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்றார். பழைய நடைமுறை என்றால் என்ன? கயிறுதான். சாதிக் கயிறு தொடரும் என்று பெரியார் பிறந்த மண்ணில், திராவிடம் என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் கட்சியின் அமைச்சர், பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். யாரும் மயங்கி விழவில்லை.

தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிறு தொடர்பான தகராறில் அடிபட்டு ஒரு பிளஸ் டூ மாணவன் செத்துப்போனான். பதினேழு வயது. அமைச்சரின் கவனத்துக்கு வராமல் போன சுற்றறிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ, அவன்.

அடுத்த வருஷம் நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9. பட்டியலின மாணவன் ஒருவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். கூடப் படிக்கும் ஆதிக்க சாதிப் பையன்கள் படுத்தும் பாட்டை வீட்டார் சொன்னார்கள். அன்றிரவே அந்தப் பையன்கள் அரிவாளோடு வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் மாணவர்கள்தான். அவர்களுக்கும் அரசு விலையில்லாப் பாடநூல் கொடுத்திருந்தது. அந்த மூன்று வாக்கியப் பக்கத்தை அவர்களும் புரட்டியிருப்பார்கள்.

அந்தப் பையன் பிழைத்தான். மறுவருஷம் பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். எல்லோரும் வாழ்த்தினோம், படம் எடுத்துக்கொண்டோம். வெட்டுப்பட்டவன் நன்றாகப் படித்தால் நமக்கு எத்தனை நிம்மதி! வெட்டியவனுக்குப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருஷம் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வியை அந்த மதிப்பெண்ணை வைத்து மூடிவிட்டோம்.

இல்லை, அரசு சும்மா இருக்கவில்லை. குழு போட்டது. தமிழ்நாட்டில் ரத்தம் காய்வதற்குள் குழு போட்டுவிடுவோம். ஆனால் இந்த முறை தவறான ஆளைப் போட்டுவிட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு. அவர் உண்மையாகவே வேலை பார்த்துவிட்டார். 2024 ஜூனில் அறுநூறு பக்கங்களுக்கு மேல் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வையுங்கள். வட்டாரத்தில் எந்தச் சாதி ஓங்கியிருக்கிறதோ அந்தச் சாதிக்காரரையே கல்வி அதிகாரியாகப் போடாதீர்கள். ஆசிரியர்களுக்கு நடத்தை விதி வையுங்கள். ஆசிரியர் பயிற்சிப் பாடத்தைத் திருத்துங்கள். தனிச் சட்டம் கொண்டுவாருங்கள்.

நாடு எதைப் பற்றி விவாதித்தது? திலகம்.

ஆமாம், திலகம். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றால் சாதி காட்டுவதைத் தடுக்கச் சொல்லி ஒரு பரிந்துரை இருந்தது. போதாதா? இந்து மதத்துக்கு ஆபத்து. தொலைக்காட்சியில் நாலு பெட்டி, நாலு முகம், நாற்பது நிமிஷக் கூச்சல். சென்னை மாநகராட்சி மன்றத்தில் பாஜக உறுப்பினர் ஒருவர் அறிக்கையின் நகலைக் கிழித்துப் போட்டார். பொட்டைப் பற்றிப் பேசினார்கள், விபூதியைப் பற்றிப் பேசினார்கள். அரிவாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏனென்றால் அரிவாள் யாருடைய மத உணர்வையும் புண்படுத்துவதில்லை.

கிழித்தவர்களாவது வெளிப்படையாகக் கிழித்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? சமூகநீதி அரசு, சமூகநீதி நாள், சமூகநீதி உறுதிமொழி. அறிக்கை வந்து ஓராண்டு கழிந்தும் அதில் கேட்ட சட்டம் வரவில்லை. சட்டம் போட்டால் தென்மாவட்டத்தில் எத்தனை தொகுதி போகும் என்று கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். அந்த ஒரு கணக்கில் மட்டும் நம் கட்சிகள் எல்லாமே நூற்றுக்கு நூறு. இடைப்பட்ட காலத்தில், 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம்.

பெயர்ப் பலகை விஷயத்தில் மட்டும் நாம் கெட்டிக்காரர்கள். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று கிளம்பியவர்கள் உண்டு. கலவரம். அரசு என்ன செய்தது? ஏற மாட்டேன் என்றவனுக்கு ஏன் ஏற மாட்டாய் என்று பாடம் நடத்தியதா? எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பெயர் இறங்கியது. சாதி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பயணத்தைத் தொடர்ந்தது.

நம் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது என்று வடக்கே போய்ப் பெருமை பேசுகிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலசாமி எது என்று மூன்றே கேள்வியில் ஒருவன் பூர்வீகத்தைக் கறந்துவிடும் கலையை எந்தப் பள்ளியில் படித்தோம்? அந்தப் பாடத்துக்குப் புத்தகம் இல்லை, ஆசிரியர் இல்லை, இடைநிற்றலும் இல்லை.

சாதியில் ஆதாயம் பெற்றவனைப் பற்றி வகுப்பில் பேசக் கூடாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். பள்ளிக்கூடம் அந்தப் பாடத்தைத் தினமும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. தலைகீழாக நடத்துகிறது.

அலுவலக உதவியாளர் வகுப்புக்குள் வருவார். கையில் படிவக் கட்டு. "எஸ்.சி., எஸ்.டி. பசங்க மட்டும் எந்திரிங்கடா, ஸ்காலர்ஷிப் ஃபாரம்." சிலர் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நிமிஷம்தான். நின்றவனுக்கு ஆயுள் முழுக்கக் காது சுடும். உட்கார்ந்திருந்தவன் என்ன கற்றுக்கொண்டான்? அவர்கள் வாங்குகிறவர்கள், நாம் வாங்காதவர்கள் என்று கற்றுக்கொண்டான்.

அவன் வாங்கவே இல்லையா? தாத்தாவின் நாலு ஏக்கர் நஞ்சை படிவம் நிரப்பாமல் வந்தது. தாலுகா ஆபீசில் இருக்கும் மாமா கையெழுத்துக் கேட்காமல் வந்தார். டவுனில் வீடு தேடிப் போனால், "நீங்க யாரு" என்று இழுத்துவிட்டு முகம் மலர்ந்து சாவியைக் கொடுக்கிறாரே வீட்டுக்காரர், அதற்குத் தாசில்தார் சான்றிதழ் வேண்டாம். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு வருமான வரம்பு கிடையாது. பரம்பரை பரம்பரையாக வரும் உதவித்தொகை. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டாம். இதை எந்த அலுவலக உதவியாளராவது வகுப்புக்கு வந்து, "இதெல்லாம் வாங்குற பசங்க எந்திரிங்கடா" என்று கூப்பிட்டதுண்டா?

வருமான வரம்பு என்றதும் நினைவு வருகிறது. மத்திய அரசின் உதவித்தொகைக்குப் பட்டியலின மாணவனின் பெற்றோர் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. மேலே போனால் அவன் ஏழை இல்லை. 2019-ல் 103-வது அரசியல் சட்டத் திருத்தம் போட்டு, முன்னேறிய வகுப்பு ஏழைகளுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கினார்கள். அங்கே ஏழை என்பதற்கு வரம்பு எட்டு லட்சம். ஒரே நாடு, ஒரே ரூபாய், இரண்டு ஏழைகள். இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கணக்கு வகுப்பிலேயே நடத்தலாம்.

மற்ற பாடங்களும் நடக்கின்றன. 2022 டிசம்பரில் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியலினக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். ஒரு குழந்தைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பெற்றவளுக்கே விஷயம் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்க வந்த பள்ளிக் குழந்தைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார், ஊர்க் கட்டுப்பாடாம். அதைத் தானே படமும் எடுத்தார். வெட்கப்பட வேண்டியவர் கேமராவைப் பிடித்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். 2023-ல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. கரூர் வேலன்செட்டியூரிலும் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியிலும், சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதால் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஓரிடத்தில் ஆட்சியர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மற்றோரிடத்தில் அமைச்சரும் எம்.பி.யும் வந்து சாப்பிட்டார்கள். புகைப்படம் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண் சமைத்த உப்புமா உப்புமாதான் என்று நிரூபிக்க அமைச்சர் வர வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அந்த அம்மா கையில் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது யார்? பாடநூலா? சந்துரு அறிக்கையா? நஞ்சு எங்கே விதைக்கப்படுகிறது என்று இனிமேலும் நம்மிடம் கேட்பார்களா?

நகரத்துக்காரர்கள் இங்கே மெல்லச் சிரிப்பது கேட்கிறது. "அதெல்லாம் தென்மாவட்டம் சார். எங்க ஸ்கூல்ல யாருக்கும் சாதியே தெரியாது." அவர்கள் அடுக்குமாடியில் வேலைக்கார அம்மாவுக்கு வேறு லிஃப்ட். திருமண விளம்பரத்தில் உட்பிரிவு வரைக்கும் கட்டம் கட்டிக் கேட்டிருப்பார்கள். சாதி தெரியாதவர்கள் உட்பிரிவை எப்படிச் சரியாக நிரப்புகிறார்கள் என்பது ஆய்வுக்குரியது.

மத்திய பாடத்திட்டத்துக்காரர்கள் இன்னும் சுத்தம். அழித்தே விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் உடையின் கதை என்று ஒரு பாடம். அதில் தோள்சீலைப் போராட்டம் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடி, 1859-ல் அரசாணை வாங்கிய வரலாறு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மண். தங்கள் சமூகத்தை இழிவாக எழுதியிருக்கிறார்கள் என்று நாடார் அமைப்புகள் வருத்தப்பட்டன. வருத்தம் நியாயமானதுதான், வந்தேறிகள் என்கிற மாதிரி எழுதினால் யாருக்கு வலிக்காது? அந்த வரிகளைத் திருத்தியிருக்கலாம். 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ அந்தப் பகுதியையே விலக்கி, தேர்வில் கேள்வி வராது என்று அறிவித்தது. 2019-ல் என்சிஇஆர்டி பாடத்தையே தூக்கிவிட்டது. பெண்களை மேலாடை போடவிடாமல் தடுத்தவர்கள் யாரோ, அவர்கள் ஒரு மனுகூட எழுதாமல் தப்பித்தார்கள். இதற்குப் பெயர்தான் மேன்மை. உங்களைக் காப்பாற்ற உங்களால் அவமானப்பட்டவர்களே நீதிமன்றம் போவார்கள்.

கடல் தாண்டினாலும் கதை மாறாது. அமெரிக்காவில் வெள்ளையர்களின் ஆதாயத்தைப் பள்ளியில் பேசலாமா என்று பெரிய சண்டை. 2021-ல் ஒக்லஹோமா மாநிலம் சட்டமே போட்டது: தன் இனத்தின் காரணமாக ஒருவர் சங்கடமோ குற்றவுணர்ச்சியோ பட வேண்டும் என்று வகுப்பில் கற்பிக்கக் கூடாது. நம்மவர்கள் அங்கே போய்ச் சும்மா இருப்பார்களா? கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பாடநூலில் இந்தியச் சாதி பற்றி எழுதியதை மாற்றச் சொல்லி 2005-லும் 2016-லும் இந்திய வம்சாவளி அமைப்புகள் மல்லுக்கட்டின. எங்கள் பிள்ளைகளைக் கேலி செய்வார்களாம். தலித் அமைப்புகள் எதிரே நின்று, எங்கள் வரலாற்றை அழிக்காதீர்கள் என்றன. 2023-ல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதா அங்கே இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் கேவின் நியூசம் இருக்கிற சட்டமே போதும் என்று திருப்பி அனுப்பினார். அத்தனை தூரத்துக்கு அப்பாலும் அதே பிஞ்சு மனசு. விசா கிடைக்காத பொருள் என்று சாதிக்கு எதுவும் இல்லை.

குற்றவுணர்ச்சி வரும் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். தாத்தா செய்ததற்குப் பேரனை முட்டிபோடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உனக்கு வந்தது எப்படி வந்தது, அவனுக்கு வராதது ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள் என்கிறோம். வரலாறு யாரையும் ஒரே நிறத்தில் வரையாது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கக் கூடாது என்று தெற்கே குரல் எழுந்தது. அந்தப் பள்ளிகள் ஏன் வந்தன என்று அங்கே படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் சட்டம் எழுதினான். ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் சுட்டுக் கொன்றான். பிறப்பை வைத்து மனிதனை முத்திரை குத்துவது எவ்வளவு கேவலம் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதே இல்லை. சொந்தக் கதையைச் சொன்னால் போதும். அதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் பக்கத்துத் தெருப் பையனின் கதையையும் கேட்டுவிடுவான். இரண்டு கதைகளும் ஒரே வகுப்பறையில் சந்தித்தால், சாதிச் சங்கத் தலைவருக்குப் போஸ்டர் ஒட்ட ஆள் கிடைக்காது.

ஆகவே பாடம் வேண்டாம், பேச்சு வேண்டாம், அமைதி போதும் என்கிறார்கள். அந்த அமைதிக்குள் கயிறு பேசுகிறது. பனியனில் அச்சடித்த தலைவர் படம் பேசுகிறது. ஊர்த் திருவிழாவின் ஒலிபெருக்கிப் பாட்டு பேசுகிறது. ஆசிரியர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்குத்தான் நாம் சம்பளம் கொடுக்கிறோம்.

அமைச்சர்களிடம் முறையிட்டுப் பலன் இல்லை. அவர்கள் அடுத்த குழுவுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். டீ பிஸ்கட் வருவதற்குள் கேளுங்கள். கழிப்பறையை யார் கழுவுகிறார்கள்? உதவித்தொகைப் படிவத்தை வகுப்பில் நிற்க வைத்துக் கொடுக்கிறீர்களா, தனியே கூப்பிட்டுக் கொடுக்கிறீர்களா? சந்துரு அறிக்கை இந்தப் பள்ளிக்கு வந்ததா? வந்திருந்தால் யார் படித்தார்கள்? முதல் பக்கத்து மூன்று வாக்கியங்களை எந்த வகுப்பில், எந்த மணிநேரத்தில் நடத்தப்போகிறீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால், எழுத மாட்டேன் என்று சொன்னதையும் எழுதி, கீழே அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.